புலவர் கோபத்தில் எழுதிய பல்லவி

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவருக்கு. வாரமெல்லாம் "மேல் வரி தெரியுதா? கீழ் வரி தெரியுதா?" என்று ஊரைக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் வரிகளைக் கொண்டுபோய் இசைக்குழுவிடம் படித்துக் காட்டுவார். அந்த வரிகள் யாருக்கும் புரிந்ததில்லை. குழுவில் அவருக்குப் புலவர் என்று பெயர். முதல் இரண்டு வருடம் அதை மரியாதை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

குழுவில் மொத்தம் மூன்றே பேர். கீபோர்டு புலவர். கிடார், அவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிளம்பர். டிரம்ஸ், புலவரின் மச்சினி. அவள் நடத்துகிற சலவைக்கடையின் மாடியில்தான் ஒத்திகை. கீழே இயந்திரங்கள் சுற்றுகிற சுற்றில் தரை அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்விலும் தாளம் விடாமல் அடித்துப் பழகியவள் அவள்.

புலவருக்கும் பிளம்பருக்கும் பாட்டு பிறக்கிற விதமே வேறு. புலவருக்கு முதலில் சொல். கடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் ஏழு சரணம் எழுதி, "இதுக்கு மெட்டுப் போடு" என்று நீட்டுவார். பிளம்பருக்கு முதலில் மெட்டு. யார் வீட்டுக் குளியலறையிலாவது குழாயை முடுக்கும்போது வாய் தானாகத் 'தன்னன்னா' போடும். அதை அப்படியே போனில் பதிந்து கொண்டுவருவான். வார்த்தை வேண்டிய இடத்தில் கைக்கு எட்டியதை எடுத்துப் போடுவான். 'வாளி, வாளி, என் வாளி' என்று அவனுடைய காதல் பாட்டு ஒன்று உண்டு. ஒரு பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் அதை மூன்று முறை பாடச் சொன்னார்கள். புலவர் அன்று கேக் சாப்பிடவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு ஆஸ்பத்திரியின் ஊழியர் விழாவுக்கு அழைப்பு வந்தது. சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும், ஒன்றாவது ஆஸ்பத்திரியைப் பற்றி இருக்க வேண்டும் என்றார்கள். புலவர் நான்கே நாளில் ஏழு சரணத்தை முடித்துச் சமையலறையில் மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "யாருங்க செத்துட்டாங்க?"

"யாரும் சாகலை. இது வாழ்க்கையைப் பத்தி."

"ஓ," என்று மறுபடி நறுக்கத் தொடங்கினாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அது வெங்காயத்தின் வேலை என்பதைப் புலவர் வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் நின்று கையை நீட்டிப் படித்தார். மூன்றாவது சரணத்திலேயே பிளம்பர் கிடாரைத் தட்ட ஆரம்பித்துவிட்டான். புது மெட்டு.

"டேய், படிச்சிட்டிருக்கேன்."

"படி, படி. கேட்டுட்டுதான் இருக்கேன்."

"கேக்குறவன் எதுக்கு வாசிக்கிறே?"

"ஒவ்வொரு வரியும் நாலு மூச்சு நீளம்டா. பாடும்போது மயங்கி விழுந்துட்டா என்ன பண்றது?"

"பாடுறது ஆஸ்பத்திரியிலதானே," என்றாள் மச்சினி.

இருவரும் சிரித்தார்கள். புலவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "பத்து நிமிஷமா கத்துறேன், காதுல விழுதா உனக்கு?"

பிளம்பரின் விரல் அப்படியே நின்றது. "அதைத் திரும்பச் சொல்லு."

"என்ன, கேலியா?"

"சத்தியமா இல்லடா. அதே கோபத்தோட சொல்லு."

கோபத்தைத் தேடி எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை, சொன்னார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி மெட்டில் போய் உட்கார்ந்தது வரி. மச்சினி குச்சியைத் தூக்கிக்கொண்டாள்.

"மாமா, எதுகைகூட வந்திருக்கு. பத்து, கத்து."

வந்துதான் இருந்தது. பதினைந்து வருடமாக அகராதியைக் கட்டிக்கொண்டு தேடிய எதுகை, திட்டும்போது ஓசியில் வந்து விழுந்திருந்தது. அவமானம் தாங்காமல் சீட்டுகளைப் பையில் திணித்துக்கொண்டு புலவர் படியிறங்கினார். பாழாய்ப்போன கால்கள் அந்த மெட்டிலேயே இறங்கின.

மறுநாள் கடையில் ஒரு தையல்கார அம்மா பரிசோதனை இயந்திரத்தில் தாடையை வைத்து உட்கார்ந்திருந்தாள். லென்ஸ் மாற்றிக்கொண்டே புலவர் தன்னை மறந்து, "பத்து நிமிஷமா கத்துறேன், காதுல விழுதா..." என்று முணுமுணுத்தார்.

"காதுல விழுதுங்க. எழுத்துதான் தெரியலை," என்றாள் அந்த அம்மா.

அதற்கு மேல் வீம்பு பிடிக்க முடியவில்லை. மதிய இடைவேளையில், வாழ்க்கையில் முதல் முறையாக, இருக்கிற மெட்டுக்குள் சொல்லை அடைக்க உட்கார்ந்தார். ஏழு சரணமும் முரண்டு பிடித்தன. அடித்து அடித்துக் கடைசியில் மிஞ்சியவை இரண்டே வரிகள். போன வருடம் மாமியாருக்கு ஸ்கேன் எடுக்க அரை நாள் நடைகூடத்தில் உட்கார்ந்திருந்தபோது மனதில் தோன்றியவை:

பேரைக் கூப்பிடும் வரைக்கும் இங்கே
பேரில்லாமல் இருக்கிறோம்.

பிளம்பரைத் தேடிப் போனார். ஒரு வீட்டின் பாத்திரத் தொட்டிக்கு அடியில் அவனுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. புலவர் குனிந்து அந்தக் கால்களுக்குப் படித்துக் காட்டினார். உள்ளே ஸ்பேனர் சத்தம் நின்றது.

"இதுக்கு என் மெட்டு வேகம் ஜாஸ்திடா," என்றது தொட்டியின் அடி. "பல்லவி முடிஞ்சதும் நான் கையை எடுத்துடறேன். நீ மட்டும் பாடு."

கிடாரைத் தொடாமல் இருக்கிறேன் என்று அவன் வாயால் சொல்லிப் புலவர் கேட்டதே இல்லை. ஒத்திகையில் அந்த வரிகள் வந்ததும் மச்சினி குச்சியை மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மாவைக் கூட்டிட்டுப் போன அன்னிக்கா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

விழா நாளில் பல்லவி இரண்டாம் முறை வருவதற்குள் கூடமே பாடத் தொடங்கிவிட்டது. நர்சுகள், வார்டு ஊழியர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தலைமை மருத்துவரின் முதுகைப் பார்த்து, "காதுல விழுதா உனக்கு?" என்று உச்சக் குரலில் கேட்டார்கள். பின்னாலிருந்து ஒருவர், "லிஃப்ட்டு எப்ப சார் ரிப்பேராகும்?" என்று கூவினார். மருத்துவர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் கைதட்டி வைத்தார்.

கிடார் நின்று புலவர் தனியாகப் பாடியபோது கூடம் அடங்கியது. வரவேற்பு மேசையில் நாள் முழுக்கப் பேர் கூப்பிடுகிற பெண் தலையைக் குனிந்துகொண்டாள். புலவர் அதைப் பார்த்தார். அடுத்த சொல்லைக் கொஞ்சம் குழறினார்.

இறங்கியதும் ஒரு நர்சு ஓடி வந்தாள். "சார், அந்தப் பல்லவி எப்படி சார் தோணுச்சு?"

"ரொம்ப நாள் யோசிச்சேன்மா," என்றார் புலவர். பக்கத்தில் பிளம்பருக்குப் பயங்கரமாக இருமல் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் கிடார் இல்லாமல் வந்தான். கையில் நோட்டுப் புத்தகம். பைப்பில் ஏறும் துருவைப் பற்றிப் பதினொரு சரணம். புலவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். ஒன்றும் புரியவில்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது.

"மெட்டு எங்கடா?"

"மெட்டா? அது உன் வேலை," என்று பிளம்பர் காலை நீட்டி உட்கார்ந்தான்.

மச்சினி எழுந்துகொண்டாள். "நீங்க பேசிட்டிருங்க. கீழே துணி காஞ்சிருச்சான்னு பாத்துட்டு வரேன்."