சர்க்கார் கேட்ட கடைசிக் காட்சி

சேதுலட்சுமி கிணற்றில் தவறி விழுந்து செத்தாள் என்று போலீசார் எழுதி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டிச் சேலை சுற்றிவிட்டவள் தங்கை பூமயில். அக்காவின் தொண்டைக்குழியில் ஒரு குதிகால் அகலத்துக்குக் கன்றிப்போயிருந்ததை அப்போது பார்த்தாள். பார்த்ததை ஸ்டேஷனில் போய்ச் சொன்னாள். கிணற்றுச் சுவரில் இடித்திருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்கா புருஷன் கூத்தையா, ஏர்வாடிக்கு மேற்கே கீழவலசைப் பனங்காட்டுக்குள் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவன். அவனுக்கு எதிராக வாய் திறக்க அந்த ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

பூமயில் பரமக்குடியில் முனியசாமி வாத்தியாருடைய நாடகக் குழுவில் நடித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு ஊர் டூரிங் சினிமாக் கொட்டகை வந்த பிறகு நாடகத்துக்கு அழைப்பு குறைந்து, வாத்தியார் ஆர்மோனியத்தை விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்போதுதான் மதுவிலக்குப் பிரச்சாரத்துக்கு நாடகம் எழுதிப் போடுகிற குழுக்களுக்கு சர்க்கார் மானியம் கொடுக்கிறது என்ற செய்தி வந்தது. எழுதவும் ஒத்திகை பார்க்கவும் முதலில் பாதி. அவர்கள் சொல்கிற ஊர்களில் நடித்துக் காட்டிய பிறகு மீதி.

இராமநாதபுரம் பிரச்சார அலுவலகத்தில் அதிகாரியாக இருந்தவர் யாக்கோபு. தீவுப் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, மதுரையில் படித்தவர். மேசைக்கு முன்னால் வாத்தியாரையும் பூமயிலையும் உட்காரவைத்துப் பேசினார்.

"புராணக் கதை வேணாம். இந்தச் சீமையில நடந்த கதையா இருக்கணும். பாக்குறவனுக்கு நம்ம ஊரு சங்கதின்னு தோணணும்."

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே பூமயில் வாத்தியாரிடம் அக்காவின் கதையைச் சொன்னாள். கூத்தையா காய்ச்சிய சாராயத்தைக் குடித்து ஒரு கூலிக்காரனுக்குக் கண் அவிந்துபோனது. மறுநாள் சேதுலட்சுமி உலக்கையை எடுத்துக்கொண்டு பனங்காட்டுக்குள் போனாள். கருவேலம்பட்டையும் வெல்லமும் ஊறிக்கொண்டிருந்த பானைகளை ஒன்று விடாமல் உடைத்தாள். அன்று சாயங்காலம் அவள் கிணற்றில் மிதந்தாள். எல்லாவற்றையும் சொன்ன பூமயில், வாத்தியார் பயந்துவிடுவார் என்று ஊர்ப் பெயரை மட்டும் சொல்லவில்லை. ஏர்வாடிப் பக்கம் என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

குழுவில் வில்லன் வேஷம் எப்போதும் தனுஷ்கோடிக்குத்தான். மேடையில் அவன் மீசையை முறுக்கினால் பிள்ளைகள் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். வீட்டிலோ பெண்டாட்டி இருளம்மாள் கோழி அறுக்கச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிறவன். கதையைக் கேட்டுவிட்டு, "ஒங்க அக்காவா நீயே நடிக்கப்போறியா தாயி?" என்று கேட்டான்.

"நான்தான்ணே நடிக்கணும்."

எழுதி முடித்ததை யாக்கோபு படித்தார். மிதிக்கிற காட்சி வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர் கடைசிப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். குடிகாரன் திருந்த வேண்டும், செத்த பெண்டாட்டியின் காலில் விழுந்து அழுது, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்றார்.

"அவன் அழுகலய்யா," என்றாள் பூமயில். "எழவு வீட்டுல பீடி குடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தான்."

"இருக்கலாம்மா. திருந்தாதவனக் காட்டுறதுக்கு மெட்ராஸ்ல பணம் ஒதுக்க மாட்டாங்க. அந்தக் காட்சி இருந்தா நாடகம் உண்டு. இல்லாட்டி இல்ல."

வாத்தியார் பூமயிலின் முகத்தைப் பார்க்காமலே எழுதிக் கொடுத்தார். அக்காவைக் கொன்றவனுக்குக் கண்ணீர் விடத் தெரியும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஒத்திகையில் தனுஷ்கோடி காலடியில் விழுந்து விசும்பும்போதெல்லாம் பிணமாகக் கிடக்கிற அவளுக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். கடிக்க முடியாது. பிணம் பல்லைக் கடிக்காது.

மூன்று ஊர்களில் நடித்தார்கள். நல்ல கூட்டம். மூன்றாவது ஊரில் யாக்கோபு அடுத்த ஊரின் பெயரைச் சொன்னார்: கீழவலசை. சாராயம் மிகுந்த ஊர் என்று பார்த்துத்தான் அலுவலகம் அதைத் தேர்ந்தெடுத்திருந்தது. பூமயிலின் அக்கா செத்த ஊர். வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை. அவன் பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பலகை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். பனங்காட்டுப் பாதையில் சர்க்கார் வேன் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதால் நாடகத்தை நாலு மணிக்கே தொடங்கினார்கள். பாதுகாப்புக்கு வந்திருந்தவர் ஏட்டு பாக்கர் ஒருவர்தான். உலக்கையோடு மேடைக்கு வந்தபோது பூமயில் கூத்தையாவைப் பார்த்தாள். பத்துப் பேர் சூழ, பனைமரத்தில் சாய்ந்து, நல்ல போதையில் உட்கார்ந்திருந்தான். இடுப்பில் பனம்பாளை சீவுகிற அரிவாள்.

அவள் பானைகளை உடைத்தாள். ஒவ்வொரு பானை உடையும்போதும் கூட்டத்தின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது பானைக்குப் பிறகு ஒரு குழந்தைகூட அழவில்லை. ஊருக்குப் புரிந்துவிட்டது. அக்காவின் ஊரில், அக்காவைப் போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் நின்ற கோலம் அவர்களுக்குத் தெரிந்த கோலம். கழுத்தில் மிதிப்பதை மேடையில் காட்ட வேண்டாம் என்று வாத்தியார் மாற்றி எழுதியிருந்தபடி, தனுஷ்கோடி வந்து வயிற்றில் மிதிப்பதுபோல் காலை ஓங்கினான். அவள் விழுந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு நடந்ததை முதலில் காதால்தான் அறிந்தாள். தனுஷ்கோடி அவள் காலடியில் விழுந்து அழத் தொடங்கினான். அன்றைக்கு என்னவோ நிஜமாகவே அழுதான். பாதத்தில் சூடாக ஈரம் பட்டது. "ஒன் உசுரக் குடிச்ச கையால இனிச் சாராயத்தத் தொட மாட்டேன்..."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்: "கூத்தையாண்ணே, மீச நடையெல்லாம் அச்சு அசலு ஒன்னயத்தான் காட்டுறான். அழுகுறதுதான் புதுசா இருக்கு."

ஒருவன் சிரித்தான். பிறகு பலர் சிரித்தார்கள். இத்தனை வருஷமாக அவனுக்குப் பயந்து கிடந்த ஊர், ஒரு கூத்தாடியின் கண்ணீரை வைத்து அவனைப் பார்த்துச் சிரித்தது. "போய் நீயும் கால்ல விழுண்ணே," என்றான் இன்னொருவன்.

பலகை அதிர்ந்தது. யாரோ மேடையில் ஏறிவிட்டார்கள். சாராய நெடி அடித்தது.

"ஏலே, எந்திரிடா. எவன்டா கால்ல விழுந்து அழுதான்? நானா? பொட்டச்சி கால்ல நானா விழுந்தேன்?" கூத்தையா ஊரைப் பார்த்துக் கத்தினான். "கேட்டுக்கங்கடா. கழுத்துல மிதிச்சேன். வயித்துல இல்ல, கழுத்துல. உசுரு போற வரைக்கும் கால எடுக்கல. தூக்கிக் கெணத்துல போட்டுட்டு வந்து, அவ ஆக்கி வச்ச சோத்தத்தான் தின்னேன். நானா அழுதேன்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பூமயில் கண்ணைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை. கழுத்தில் அந்தக் கால் இறங்கியது போல மூச்சு முட்டியது.

"அய்யா, இது நாடகமுங்க, நான் நடிக்க வந்தவன்," என்று தனுஷ்கோடி சொல்வது கேட்டது. அடுத்து, இளநீர் சீவுவது போன்ற சத்தம். அவள் முகத்தில் வெதுவெதுப்பாக ஏதோ தெறித்தது. முன்வரிசையில் இரண்டு பேர் நாடகம்தான் என்று எண்ணிக் கை தட்டினார்கள்.

கண்ணைத் திறந்தாள். தனுஷ்கோடி மண்டியிட்டபடியே இருந்தான். தோளும் கழுத்தும் சேருமிடத்தில் அரிவாள் இறங்கியிருந்தது. அவன் கையால் அதைப் பொத்தப் பார்த்தான். விரல்களுக்கிடையே ரத்தம் பீறிட்டது. கூத்தையா மறுபடி ஓங்கினான். இரண்டாவது வெட்டு, தடுக்கத் தூக்கிய கையில் விழுந்தது.

பூமயில் எழுந்தாள். காலடியில் கிடந்த உலக்கையை எடுத்தாள். கூத்தையா திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் ரத்தத்தோடு பிணம் எழுந்து நிற்பதைக் கண்டதும் அவன் கை அப்படியே நின்றது. "சேது..." என்றான். அவள் பூண் போட்ட முனையால் அவன் முழங்காலில் இடித்தாள். எலும்பு முறிகிற சத்தம் கூட்டம் வரைக்கும் கேட்டது. விழுந்தவனின் அரிவாள் கையில் இடித்தாள். தோளில் இடித்தாள். நெல் குத்துகிறவளைப் போல இரண்டு கையாலும் தூக்கித் தூக்கி இடித்தாள். தாடை உடைந்து அவன் ஊளையிட்டது அவள் காதில் ஏறவே இல்லை. ஏட்டு பாக்கர் பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்.

"விடு தாயி. செத்துருவான். அவன் சொன்னதெல்லாம் நான் கேட்டேன். அல்லா மேல ஆணை, நான் சொல்லுறேன். விடு."

அதற்குள் கூத்தையாவின் ஆட்கள் கல்லெறியத் தொடங்கிவிட்டார்கள். வேனின் கண்ணாடி நொறுங்கியது. தனுஷ்கோடியைத் தூக்கப் போன யாக்கோபுவின் நெற்றி பிளந்தது. கண்ணில் ரத்தம் வழிய, அவர் கல்லுக்குக் குனியாமல் தனுஷ்கோடியைத் தோளில் போட்டுக்கொண்டு வேனுக்கு நடந்தார். ஊர்க்காரர்கள் முதலில் சிதறி ஓடினார்கள். பிறகு பெண்கள் சிலர் திரும்பி வந்தார்கள். மேடைக்குக் கீழே கிடந்த பானை ஓடுகளை எடுத்து அந்தப் பத்துப் பேர் மேல் வீசினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆண்களும் வந்தார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் பனங்காட்டில் இருந்த ஊறல் பானை ஒன்றுகூட முழுசாக இல்லை. கூத்தையாவின் வீடு கூரையோடு எரிந்தது.

தனுஷ்கோடி இராமநாதபுரம் போய்ச் சேரவில்லை. பாதி வழியில், பூமயிலின் மடியில் தலையை வைத்தபடி செத்துப்போனான்.

கலவரத்துக்கு இடங்கொடுத்த நாடகம் என்று மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்து மானியம் நின்றது. நெற்றியில் தையலோடு யாக்கோபுவே பரமக்குடிக்கு வந்து அதைச் சொன்னார். வேண்டிய மட்டும் எழுதிப் பார்த்ததாகச் சொன்னார். அந்தக் கடைசிக் காட்சியைத் தான் கேட்காமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் எழுந்து போனார். பாக்கர் தான் கேட்டதைக் கோர்ட்டில் வரி பிசகாமல் சொன்னார். அவரைத் தொடர்ந்து கீழவலசைப் பெண்கள் மூன்று பேர் சாட்சிக் கூண்டேறினார்கள். தனுஷ்கோடியைக் கொன்றதற்கும் சேதுலட்சுமியைக் கொன்றதற்கும் சேர்த்துக் கூத்தையாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஊன்றுகோலோடு அவன் வண்டியில் ஏறியதைப் பூமயில் பார்த்தாள். சந்தோஷம் வரும் என்று இருந்தாள். வரவில்லை.

கோர்ட்டிலிருந்து நேராக இருளம்மாள் வீட்டுக்குப் போனாள். இருளம்மாள் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தீர்ப்பைக் கேட்டுவிட்டு ராட்டையை நிறுத்தினாள்.

"அது அவன் ஊருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எங்க வீட்டு ஆளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல."

இருளம்மாள் எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தாள். பூமயில் அசையவில்லை. மறுபடி அறைந்தாள். தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். "ஒங்க அக்காவுக்கு நாயம் கெடைக்க என் புருசனக் கொண்டுபோயி வெட்டக் குடுத்தியேடி," என்று சொல்லிச் சொல்லி, கை ஓய்கிற வரைக்கும் அடித்தாள். பூமயில் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. உதடு கிழிந்து ரத்தம் மார்பில் வடிந்தது.

கடைசியில் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இருளம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கு எப்பிடி நடிச்சாரு?"

பூமயில் கிழிந்த உதட்டைப் புறங்கையால் துடைத்தாள்.

"நல்லா நடிச்சாருக்கா. நெசமாவே அழுதாரு. என் கால் ரெண்டும் நனைஞ்சிருச்சு."