திமிங்கிலத்தின் வாலாகிப் போன நண்டு வலை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்றரை மணிக்குக் கடற்கரைப் பந்தலில் இருந்தவர்கள்: முன்னுக்கு, மெத்தை வைத்த கதிரைகளில், கொழும்பிலிருந்து வந்த விழாக்குழுவினர் ஆறு பேர், நடுவில் இணைப்பாளர் ரஜிதன். அவர்களுக்கு எதிரே பிளாஸ்டிக் கதிரைகளில் எங்கள் மகளிர் சங்கத்துப் பெண்கள் பதினொரு பேர். செயலாளர் என்றபடியால் முதல் வரிசை ஓரத்தில் நான், மடியில் கோப்புடன். எங்கள் கரையில் நண்டு வாங்கும் ஜெமீல் நானா தன் ஐஸ் பெட்டியின் மேல். படகோட்டி றெஜி பந்தல் காலில் சாய்ந்தபடி.

புனிதம் அக்கா கதிரையில் இருக்கவில்லை. அவர் திமிங்கிலத்தின் வாலில் இருந்தார். மத்தியானம் தொடக்கம் அங்கேதான் இருந்தார்.

அது முப்பதடித் திமிங்கிலம். மூங்கில் எலும்பு, வலைத் தோல், வயிற்றுக்குள் பிளாஸ்டிக் போத்தல்கள், மேலே நீலப் பெயின்ற். பக்கத்தில் ஒரு பலகை: ‘கைவிட்ட வலைகள் கடலைக் கொல்கின்றன.’ ‘கடலும் காலநிலையும்’ என்ற மூன்று நாள் கலைவிழாவின் பெரிய படைப்பு அதுதான். மறுநாள் காலை லொறியில் கொழும்புக் கண்காட்சிக்குப் போக இருந்தது. அதன் வால் புனிதம் அக்காவின் நண்டு வலை.

இது நடந்த விதத்தை ஒழுங்காகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடக்கம் என்னுடையது. கரையில் கைவிடப்பட்ட வலைகளைப் பொறுக்கிக்கொள்ள விழாக்குழு சங்கத்திடம் அனுமதி கேட்டது. நல்ல காரியம்தானே என்று நானே பதில் எழுதினேன். கோயில் பெருநாளன்று வரும்படியும் எழுதினேன். அன்று எவரும் கடலுக்குப் போவதில்லை, கரை வெறுமையாக இருக்கும், விழாக்குழுப் பிள்ளைகள் வசதியாகப் பொறுக்கலாம் என்று நினைத்தேன்.

ஆனால் கடலுக்குப் போகாத நாளில்தான் வலை கரையில் கிடக்கும். குவித்து, மேலே ஒரு காய்ந்த பனங்காவோலையைப் போட்டு, அதன் மேல் கல் வைத்துவிட்டுப் போவார்கள். காவோலை கிடந்தால் வலைக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கரையில் ஒருவரும் தொடமாட்டார்கள். அதை நான் எழுதவில்லை. எழுதவேண்டிய ஒன்றென்று எனக்குத் தோன்றவேயில்லை. நாங்கள் எல்லோரும் பூசையில் நின்ற நேரம் வந்தவர்கள், கல்லைத் தள்ளி, காவோலையை எறிந்துவிட்டு, வலையை அள்ளிக்கொண்டு போனார்கள்.

புனிதம் அக்காவும் அவருடைய மனிசன் இன்னாசித்தம்பியும் கள்ளர் எடுத்துவிட்டதாக நினைத்து ஒன்பது நாள் தேடினார்கள். அவர்களிடம் இருந்தது அந்த ஒரு வலைதான். நண்டு படுகிற காலத்தில் படகு கரையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை விழாவில் திரையை விலக்கியபோது வாலில் தன் சிவப்பு நூல் முடிச்சுகளை அக்கா கண்டார். மிதப்புக்காக அவர் வெட்டிக் கட்டிய பச்சைச் செருப்புத் துண்டுகளும் அப்படியே தொங்கின. அன்றும் கேட்டார், சனிக்கிழமையும் கேட்டார். விழா முடியட்டும் என்றார்கள்.

“அம்மா, செருப்புத் துண்டுகளைப் பார்த்துத்தான் கழிவு எண்டு நினைச்சிட்டம்,” என்றார் ரஜிதன். “ஆனா இது இப்ப ஒரு கலைப்படைப்பு. கண்காட்சி முடிய, ரெண்டு மாசத்தில கட்டாயம் திருப்பித் தருவம்.”

“அப்ப நண்டுக்கு ஒரு கடிதம் குடுங்கோ தம்பி, ரெண்டு மாசம் பொறுத்து நில்லெண்டு,” என்றார் புனிதம் அக்கா.

“கடிதமெண்டா ஜெயரூபினியக்கா இருக்கிறா,” என்று றெஜி என்னைக் காட்டினான். பெண்கள் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

“அம்மாவின்ர பெயரைப் பலகையில போடுறம். சான்றிதழும் தருவம்,” என்றார் ரஜிதன்.

“சான்றிதழை இந்தப் பெட்டிக்குள்ள வைச்சா நண்டாகுமே தம்பி?” ஜெமீல் நானா ஐஸ் பெட்டியில் தட்டினார்.

ரஜிதனின் முகம் சிவந்தது. “நாங்கள் களவெடுக்கேல்லை. சங்கத்தின்ர அனுமதி இருக்கு. மிஸ் கையொப்பம் வைச்ச கடிதம்.” என் கடிதத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். “கடல் ஏறுது, புயல் கூடுது, அதை மக்களுக்கு விளங்கப்படுத்தத்தான் நாங்கள் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்.”

“கடல் ஏறினதை எங்களுக்கோ விளங்கப்படுத்திறியள்?” புனிதம் அக்கா கையை நீட்டினார். “அந்தா, அலை உடையிற இடம். அதில எங்கட வாடிக் குடிசை நிண்டது. கடல் கேளாமல் கொண்டுபோச்சு. நீங்களும் கேளாமல்தான் கொண்டுபோனியள். கடலாவது கடிதம் காட்டேல்லை.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மூன்று நாளாக அடக்கியிருந்தது அப்போது எனக்கு நெஞ்சு வரை வந்தது. கடலின் அடியை வழித்துக்கொண்டு போகும் இழுவைப் படகுகளைப் பற்றி அந்த விழாவில் ஒரு சித்திரம்கூட இல்லை. விழாக்குழு குடித்தெறிந்த தண்ணீர்ப் போத்தல்கள் பந்தலுக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. பிய்ந்த செருப்பையும் எறியாமல் மிதப்பாக்கிய மனுசியின் வலைக்குப் பக்கத்தில், கடலைக் கொல்கிறாய் என்று பலகை நட்டிருந்தார்கள். அதற்கு என் கையெழுத்து சாட்சி!

“அனுமதியை வாபஸ் எடுக்கிறன்,” என்றேன்.

“எழுத்தில தாங்கோ மிஸ். கொழும்பில குழு கூடி முடிவெடுக்கும்.”

“எப்ப கூடும்?”

“மாசக் கடைசியில.”

“எழுத்தில தாறன். ஆனா வலை இண்டைக்குப் போகும்.”

“ஆர் இப்ப இதை அவிழ்க்கிறது? முந்நூறு கட்டுக் கம்பி அம்மா!”

“இன்னும் ஆறு கட்டுத்தான் கிடக்கு,” என்றார் புனிதம் அக்கா.

அப்போதுதான் அவர் மடியைப் பார்த்தேன். சேலைக்குள் ஒரு குவியல் கம்பித் துண்டுகள். மத்தியானம் தொடக்கம் அந்த மனுசி வாலில் சும்மா இருக்கவில்லை. நாங்கள் ஆறு பேர் எழும்பிப் போய் ஆளுக்கொன்றை அவிழ்த்தோம். வலை வழுகி விழுந்தது. திமிங்கிலத்துக்குப் பின்பக்கம் வெறும் மூங்கில் நின்றது.

“பெயின்ற் இனிப் போகாது அக்கா,” என்றான் றெஜி, வலையைத் தோளில் ஏற்றிக்கொண்டு.

“கிடக்கட்டும். நண்டென்ன, நிறம் பாத்தே வருது?”

ரஜிதன் தொலைபேசியோடு பந்தலுக்கு வெளியே போனார். மற்றவர்கள் கதிரைகளிலேயே இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை, கோடு போட்ட தாளில், இலக்கமிட்டுக் கடிதத்தை எழுதினேன். ஒன்று: பெருநாளன்று வரச் சொன்னதும் காவோலையைப் பற்றிச் சொல்லாததும் என் பிழை. இரண்டு: கேட்ட பிறகும் மூன்று நாள் வைத்திருந்தது உங்கள் பிழை. மூன்று: இக்கடிதம் உங்களுக்குக் கிடைக்கும்போது வலை கடலில் கிடக்கும். நான்கு: திமிங்கிலத்துக்கு வேறு வால் கட்டவேண்டாம். வால் எங்கே என்று கேட்பவர்களுக்கு இக்கடிதத்தை வாசித்துக் காட்டவும்.

விடியப்புறம் கடலுக்குப் போய் வந்த ஈரத்தோடு, நான் வாசிக்க, புனிதம் அக்கா நின்றபடி கேட்டார். கையில் நீலம் ஒட்டியிருந்தது.

“ஏன் பிள்ளை உன்ர பிழையை முதலாவதா எழுதினனீ?”

“முதலாவதா நடந்தது அதுதானே அக்கா.”

“அப்ப சரி. ஒட்டு.”

பிரதியைக் கோப்பில் போட்டேன். கடித உறையை ஒட்டி, இரண்டு தரம் விரலால் அழுத்தித் தேய்த்து, சைக்கிளில் தபால் கந்தோருக்குப் போனேன்.

“சாதாரணமோ, பதிவுத் தபாலோ?” என்று தபாலதிபர் கேட்டார்.

“பதிவு,” என்றேன். அவர் முத்திரையைக் குத்தி, உறையைப் பைக்குள் போட்டார்.