மலர்க்கொடிக்கு எதை விதைப்பது

விஷக்காய்ச்சல் வந்து ஊரைக் காலி செய்த மூன்றாம் வருஷம், 1921 தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூலக்கொத்தளம் மயானத்திலிருந்து முப்பத்தொரு புள்ளிமான்கள் எழுந்து கொருக்குப்பேட்டைக்கு வீடு திரும்பின. ரயில்வே கேட் மூடியிருந்ததால் சரக்கு வண்டி போகும்வரை நின்றன. திறந்ததும் தண்டவாளத்தைக் கடந்து தத்தம் வாசலில் போய் நின்றுகொண்டன. எந்த மான் யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. கெங்கம்மாவின் புருஷன் லட்சுமணன் உயிரோடிருந்த காலத்தில் வாசற்படியில் மூன்று தரம் காலைத் தேய்க்காமல் உள்ளே வரமாட்டான். அந்த மானும் மூன்று தரம் குளம்பைத் தேய்த்தது. அடுத்த வீட்டுக்கு ஜெயவேலின் மனைவி மலர்க்கொடி வந்திருந்தாள். குடத்தின் மூடி சரியாக இருக்கிறதா என்று மூக்கால் தள்ளிப் பார்த்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். தண்டவாளத்தில் கேங் வேலை பார்க்கும் ஜெயவேல், சம்மட்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றபடியே அழுதான்.

வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவதில்தான் சிக்கல். புல்லைத் தொடவில்லை, வைக்கோலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சொந்த வீட்டுக் கை விதைத்து முளைத்ததை மட்டுமே, அதிலும் உயிரோடிருந்தபோது ஆசையாகச் சாப்பிட்டதை மட்டுமே தின்னும் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துபோயிற்று. தின்னாத மானுக்கு நாளுக்கொரு புள்ளி சுண்ணாம்புப் பொருக்குப் போல உதிர்ந்தது. தெருமுனை அப்பாவு ஏற்கெனவே கிழவர், அவர் மேல் இருந்ததே கொஞ்சம் புள்ளிகள். அவருக்குக் கொள்ளா காராமணியா என்று மகன்கள் ஒரு மாதம் சண்டை போட்டார்கள். கடைசிப் புள்ளி விழுந்த மத்தியானம் அவர் கேட்டருகே நின்றிருந்தார், வண்டி போன பிறகு அங்கே இல்லை. அதற்கப்புறம் ஊர் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ரயில்வே யார்டு அதிகாரியும் தண்டவாளத்தை ஒட்டிய தரிசை வீட்டுக்கு ஒரு பாத்தியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

கெங்கம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் வேர்க்கடலை போட்டாள். ஜெயவேலுக்கு அந்த வசதி இல்லை. மலர்க்கொடியின் மேல் நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள் இருந்தன, எண்ணிவிட்டான். அவளுக்கு என்ன பிடிக்கும் என்றுதான் தெரியவில்லை. பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவன்! முளைக்கீரை போட்டான். அவள் முகர்ந்து, அவன் முகத்தைப் பார்த்து, தலையைத் திருப்பிக்கொண்டாள். அவரை, கொத்தவரை, வெண்டை, ஒரு மூலையில் சோளமும் போட்டான். தண்டையார்பேட்டையில் இருந்த அவள் அக்கா வரலட்சுமியிடம் போய்க் கேட்டால், கல்யாணத்துக்குப் பிறகு தங்கைக்கு எது பிடித்தது என்று உனக்குத்தானே தெரியும் என்று அவனையே திருப்பிக் கேட்டாள். ராத்திரி நினைத்ததெல்லாம் காலையில் வேறாகத் தோன்றியது. அவரை என்று முடிவு செய்வான், பாத்திக்குப் போவதற்குள் வெண்டை சரியென்று படும். பாவம், மண்டை காய்ந்துபோயிற்று.

"இன்னா நைனா, அவுளுக்கு இன்னா புடிக்கும்னு நெசமாவே தெரியாதா?" என்றாள் கெங்கம்மா, வேலிக்கு அந்தப் பக்கம் களை எடுத்துக்கொண்டே.

"எல்லாமே துன்னுவாக்கா. நான் துன்றதத்தான் அவுளும் துன்னா."

"நீ துன்னத இல்ல. நீ மிச்சம் வெச்சத."

மலர்க்கொடி சாப்பிட்டு ஒரு நாளாவது பார்த்திருக்கிறோமா என்று ஜெயவேல் யோசித்தான். அவன் கை கழுவி எழுந்த பிறகு, அடுப்பங்கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவன் தட்டிலேயே போட்டுச் சாப்பிடுவாள். முதுகுதான் ஞாபகம் வந்தது.

சித்திரையில் ஒரு நாள், பதினான்கு புள்ளிகள் மிச்சமிருக்கையில், பாத்தியில் உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக் கலயத்தைக் கீழே வைத்தான். மலர்க்கொடி வந்து அடியில் இருந்ததை நக்கினாள். ஊர் கண்டுபிடித்த சட்டப்படி அது நடக்கக் கூடாது, நடந்தது. அன்றைக்குப் புள்ளி விழவில்லை. வழி தெரிந்துவிட்டது என்று ஜெயவேல் குதிக்காத குறைதான். தினமும் பாதி மிச்சம் வைத்தால் போதும், காலமெல்லாம் இருப்பாள்.

"செத்தும் உன் மிச்சந்தானா அவுளுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கெங்கம்மா போய்விட்டாள்.

மறுநாள் அவன் கலயத்தை எடுத்து வரவில்லை. வரப்பில் உட்கார்ந்து, "நீ மொதல்ல துன்னு. நீ துன்னாம நான் துன்ன மாட்டேன்" என்றான். அவள் காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான். வெயில் தலைக்கேறிவிட்டது என்று கேங் ஆட்கள் சொன்னார்கள். மூன்று நாளில் மூன்று புள்ளிகள் உதிர்ந்தன. ஒவ்வொன்றும் விழுவதைப் பார்த்தான், ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் மில் சங்கு ஊதியதும் மலர்க்கொடி கிளம்பினாள். அவரையைத் தாண்டினாள், வெண்டையைத் தாண்டினாள், சோளத்தையும் தாண்டிப் பழைய ஸ்லீப்பர் கட்டையின் பின்னால் போய்க் குனிந்தாள். அங்கே செந்தண்டோடு ஒரு புளிச்சகீரைச் செடி நின்றது. விதையோடு விதையாகக் கலந்து வந்ததை அவனே விதைத்து, முளைத்ததையெல்லாம் களையென்று அவனே பிடுங்கிப் போட்டிருந்தான். கைக்குத் தப்பியது அது ஒன்றுதான். அதை அவள் அடித்தண்டு வரை தின்றாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கல்யாணமான நாலாம் நாள் புளிச்சகீரை கடைந்து வைத்தாள். பல்லு கூசுது, இன்னா கருமம் இது என்று தட்டைத் தள்ளினான். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அந்த வீட்டில் புளிச்சகீரை வாங்கவே இல்லை.

பாத்தி முழுவதும் புளிச்சகீரை போட்டான். பதினொன்றாக நின்ற புள்ளிகள் ஆடிக்குள் நூற்றுப் பன்னிரண்டாயின. அப்புறம் ஒன்றும் விசேஷமில்லை. மான்கள் கடப்பதற்கென்று கேட்டில் காலையும் மாலையும் நாலு நிமிஷம் ஒதுக்கினார்கள், வண்டி நேரம் அதற்குத் தக்கபடி மாறியது. 1934இல் வேலையிலிருந்து நின்ற பிறகும் ஜெயவேல் மத்தியானம் பாத்திக்கு வருவான். மலர்க்கொடி தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் விட்டுவைத்த கீரையைக் கிள்ளி எடுத்துப் போய்க் கடைந்து சாப்பிடுவான். பல் கூசத்தான் செய்தது.