அமுக்கினால் நிற்கிற மோட்டார்

"அமுக்குனா உடனே நிக்குமா?"

வளர்ப்புமீன் கடைக்காரர் மேஜைமேல் மூன்று மோட்டார்களை எடுத்து வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் மூன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அதே கேள்விக்குத்தான் வந்தார்.

"அண்ணே, நீங்க மோட்டார் வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பார்க்க வந்தீங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார். "வேகத்தைக் கூட்டிக்கலாம், குறைச்சுக்கலாம். சத்தம் வராது. கரண்ட் போயிட்டு வந்தா படார்னு கிளம்பாது, மெல்லத்தான் எடுக்கும். இதோ இதை வாங்குனா போன்லயே எல்லாம் பண்ணலாம்."

"போன் வேணாம்" என்றார் இவர். குரல் மாறிவிட்டது. "கைக்கு ஒரு பட்டன் இருக்கணும். அமுக்குனா நிக்கணும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிக் குடுவையில் சுற்றிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மீனைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். லாண்டரியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு இந்தக் கூத்தைப் பார்க்க வந்திருந்தேன். சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. கடைசியில் எதையும் வாங்காமல்தான் வீடு திரும்பினோம். யோசித்துச் சொல்கிறேன் என்றார். எத்தனை மாதமாய் யோசிக்கிறார் மனுஷன்.

எங்கள் கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மீன்தொட்டி இருக்கிறது. அதற்குக் கீழே அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேலே இருக்கிற தண்ணீர் ஓரமாய் வழிந்து குழாயில் கீழே இறங்கும், அங்கே பஞ்சிலும் கல்லிலும் அழுக்கை விட்டுவிட்டு நிற்கும், அதை ஒரு மோட்டார் மறுபடி மேலே தள்ளும். இவ்வளவு ராஜ உபசாரமும் ஒரே ஒரு மீனுக்காக. கறுப்பு உடம்பில் நெருப்பு நிறத்தில் திட்டுத்திட்டாய், உள்ளங்கையைவிடப் பெரியது. நான் அதைக் கரிச்சட்டி என்று கூப்பிடுவேன். இவர் பஸ் ஓட்டிவிட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் கையை விட்டால், அது ஓடி வந்து விரலை உரசும். "கட்டினவளைத் திரும்பிப் பார்க்கலை, கரிச்சட்டியைக் கொஞ்ச வந்தாச்சு" என்பேன். "அது சாப்பாட்டுல உப்பு இல்லாட்டியும் என்னைத் திட்டாது" என்பார். அப்படியெல்லாம் பேசுகிற ஆள்தான்.

இப்போது பேசுவதில்லை. நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண்குழந்தை பஸ்ஸுக்கு முன்னால் ஓடி வந்த நாளோடு எல்லாம் போயிற்று. பிரேக்கை அழுத்தினார். அதில் சந்தேகமே இல்லை, பஸ்ஸுக்குள் நின்றவர்கள் எல்லாம் விழுந்து எழுந்தார்கள். ரோட்டில் டயர் தேய்ந்த தடம் இருந்தது. ஆனாலும் பஸ் நிற்பதற்குள் குழந்தை அடியில் போய்விட்டது. போன் பேசினாயா, குடித்திருந்தாயா என்று விசாரித்தவர்கள் கடைசியில் அவர்மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்து, வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள், இவர்தான் போகவில்லை. வந்தவர் போனவரெல்லாம் "உன் மேல தப்பில்லப்பா" என்று தோளைத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அவர் கொஞ்சம் குறுகிப்போனார். குழந்தையின் அம்மா ரோட்டில் உட்கார்ந்திருந்ததை ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். "அழல. பிள்ளையோட செருப்பைத் தேடிட்டிருந்தா" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

ஒரு சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனபோது இவர் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். காற்று வாங்க வந்தேன் என்றார். காற்று வாங்குகிறவன் முகம் அப்படியா இருக்கும்? அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது மாடிக் கதவின் சாவியை என் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். அவரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. மகளுக்குப் போன் பண்ணி, அப்பா நன்றாய் இருக்கிறார் என்று பொய் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் பழைய மோட்டார் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. புதுசு வாங்க வேண்டும், வேகத்தை நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிற மாதிரி வேண்டும் என்று அவராகவே வாயைத் திறந்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. காலையில் எழுந்தார், ஷேவ் செய்தார், கடைக்காரரைக் கூப்பிட்டு உயிரை வாங்கினார். எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும், எவ்வளவு கரண்ட் இழுக்கும், சூடாகுமா, நிக்குமா. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்றார். மனுஷன் வாயில் நாளை என்ற வார்த்தை வந்ததே, அது போதாதா? அப்போதுதான் எனக்கு அந்தப் பயமும் வந்தது. மோட்டாரை வாங்கி மாட்டிவிட்டால் அப்புறம் நாளைக்கு என்ன இருக்கிறது?

அதனால் கெடுத்தேன். டேப்பின் ஒரு முனையைக் கீழே மோட்டார் இருக்கிற மட்டத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மேலே குழாய் வாய்வரைக்கும் அளந்தார். உயரம் கூடக்கூட மோட்டார் திணறுமாம், அளவு சரியாக இருக்க வேண்டுமாம். நான் என் முனையைத் தரைவரைக்கும் இறக்கிப் பிடித்தேன். மேலே வந்த கணக்கைப் பார்த்து, "அவ்ளோவா?" என்றார். "டேப்பு பொய் சொல்லுமா?" என்றேன். முடிவு பண்ணி வைத்திருந்த மோட்டார் போதாமல் போயிற்று. மறுபடி முதலிலிருந்து தேட ஆரம்பித்தார். நான் சமையலறையில் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் பழைய மோட்டார் எனக்காகக் காத்திருக்குமா? ஒருநாள் நான் லாண்டரியிலிருந்து வந்தபோது கூடமெல்லாம் ஈரம். இவர் பனியனோடு மண்டியிட்டு, கீழ்த்தொட்டியிலிருந்து சொம்பில் மொண்டு மேல்தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். கரிச்சட்டி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"எப்ப நின்னுச்சு?"

"காலையில."

"காலையிலிருந்தா ஊத்துறீங்க? எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"கைய எடுத்தா செத்துரும்" என்றார்.

சொம்பைப் பிடுங்கி நான் ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே கடைக்காரரைக் கூப்பிட்டேன். பட்டன் இருக்கிற ஒரு மோட்டாரோடு அவர் வந்து இறங்கினார். இவரே மாட்டினார். குழாயை இறுக்கி, வேகத்தை அடியிலிருந்து ஒவ்வொரு கோடாய் ஏற்றினார். ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் மட்டும் பட்டுத் துணி மடிகிற மாதிரி மேலே சுருண்டது. கரிச்சட்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விரலை உரச வந்தது. கடைக்காரர் போனதும், தரையைத் துடைத்துக்கொண்டே இவர் சொன்னார்.

"அன்னைக்கு டேப்பை நீ தரையில பிடிச்சே. தெரியும்."

"தெரிஞ்சு ஏன் சும்மா இருந்தீங்க?"

"எனக்கும் முடிவு பண்ண வேணாம்னுதான் இருந்துச்சு."

அன்று இரவு நான் பொட்டுத் தூக்கம்கூடத் தூங்கவில்லை. பழைய மோட்டாரின் கடகடச் சத்தம் இருந்தால் தேவலை போலிருந்தது. வீடு இவ்வளவு அமைதியாக இருக்கக் கூடாது.

மறுநாள் வேலையில் மனசே ஓடவில்லை. ஒரு சட்டைக் காலரைக் கருக்கி ஏச்சு வாங்கினேன். பைக்குள் கைவிட்டு மாடிச் சாவி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் தலைவலி என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. இவர் தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். உயிரோடு உட்கார்ந்திருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

"இங்க வாயேன்" என்றார்.

பக்கத்தில் போனேன். பட்டனை அமுக்கினார். மோட்டார் அந்த நொடியே அடங்கியது. ஆனால் மேல்தொட்டியின் ஓரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டேயிருந்தது. குழாயில் இறங்கி, கீழ்த்தொட்டியில் சளசளவென்று விழுந்தது.

"அமுக்கிட்டேன்" என்றார். "மோட்டார் நின்னுருச்சு. தண்ணி பாரு. நிக்கல."

"மேல மிச்சம் இருக்கிறது வடியுதுங்க. கொஞ்ச நேரத்துல நின்னுரும்."

"கடைக்காரரும் அதான் சொல்றார். எவ்வளவு நல்ல மோட்டார் வாங்குனாலும் இப்படித்தானாம்." மறுபடி ஓடவிட்டார். தண்ணீர் மேலே ஏறி வழிகிற வரைக்கும் பொறுத்திருந்தார். மறுபடி அமுக்கினார். "உடனே அமுக்குனேன். நீ பார்த்தேல்ல? உடனேதான அமுக்குனேன்?"

"உடனேதாங்க அமுக்குனீங்க" என்றேன்.

அவர் தொட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரல் பட்டனில் இருந்தது. ஸ்டூலுக்குக் கீழே அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, விரல்களெல்லாம் வெளுத்துப்போகிற அளவுக்கு. நான் கீழே உட்கார்ந்து அந்தக் காலின்மேல் கையை வைத்தேன். அது இளகவில்லை. அலமாரிக்குள் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.