ஆறு மணிக்குள் வாழைக்காய் குருமா

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பேசும் என்பார் என் வீட்டுக்காரர் மகாவீர். அந்த ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் தெரு முழுவதற்கும் கேட்கும்படி பேசியது.

காரணம் என் நாத்தனார் ஸ்வேதா. போளூரிலிருந்து வந்தவள், பையிலிருந்து ஒரு பெண்கள் மாத இதழை எடுத்து நீட்டினாள்.

"அண்ணி, உங்க பிளாக்ல எழுதறதெல்லாம் இதுலருந்துதான் எடுக்கறீங்களா? சொல்லியிருந்தா புக்கை நானே அனுப்பியிருப்பேனே."

பிரித்துப் பார்த்தேன். வாழைக்காய் குருமா. என் வாழைக்காய் குருமா. 'தேங்காயை அரைக்கும்போது அவசரப்படாதீர்கள், அது உங்களைப் பழிவாங்கும்' என்ற வரிகூட அப்படியே இருந்தது. கீழே, 'சரோஜா பலராமன், செங்கம் சாலை, திருவண்ணாமலை'.

நான் கலெக்டர் ஆபீஸில் தட்டச்சர். 2006-இல் வீட்டுக்குக் கணினி வந்ததிலிருந்து 'மலையடி அடுப்பு' என்று ஒரு வலைப்பூ எழுதிவந்தேன். ஆபீஸில் கிண்டல் செய்வார்களே என்று பெயர் போடவில்லை. வாசகர் என்று பார்த்தால் பதினெட்டுப் பேர், அதில் நான்கு பேர் சொந்தக்காரர்கள்.

"தேதியைப் பாருடி. நான் மார்ச்சுல எழுதினது. இது அக்டோபர் புக்கு" என்று கணினியைத் திறந்து காட்டினேன்.

"தேதியை நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாமாம் அண்ணி. எங்க ஆபீஸ்ல சொன்னாங்க."

எங்கள் வீடு சமண வீடு. பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டோம். அதனால் எந்தக் குறிப்பு எழுதினாலும் 'ஆறு மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்' என்றுதான் முடிப்பேன். அந்த வரியும் இதழில் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினேன்.

"ஆமா, பார்த்தேன். அந்தம்மாவும் நம்மாளுங்கதான் போல" என்றாள் அவள் நிம்மதியாக.

பறிகொடுத்தவள் நான், திருடியும் நானே. ஸ்வேதாவுக்குத் தெரிந்தால் செவ்வாய்க்கிழமைக்குள் ஆரணி, வந்தவாசி வரை தெரிந்துவிடும். "குருமாதானே, விடேன்" என்று மகாவீர் சமாதானம் சொல்லவந்தார். பேசாமல் இருந்திருக்கலாம். இன்னும் இரண்டு பாத்திரம் பேசின.

மறுநாள் ஆபீஸ் முடிந்ததும் என் பதிவுகளை அச்செடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். வழியெல்லாம் திட்டுவதற்கு ஒத்திகை. ஐப்பசி மாதம், ரமணாசிரமம் பக்கம் போய் இறங்கும்போதே இருட்டிவிட்டது. விசாரித்ததில், சரோஜா பலராமன் ஒரு சந்துக்குள் நாலு அறைகளை வாடகைக்கு விட்டு, தங்குகிறவர்களுக்குச் சமைத்தும் போடுகிறவர் என்று தெரிந்தது.

ஐம்பது வயதிருக்கும். நல்ல பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. ரூம் கேட்டு வந்தவள் என்று நினைத்துவிட்டார்.

"ரூம் ஒண்ணு காலியா இருக்கும்மா. மொதல்ல உக்காரு, சாப்பிடு. மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் தட்டு வந்துவிட்டது. இரண்டு சப்பாத்தி, பக்கத்தில் வாழைக்காய் குருமா. வாசனை அவ்வளவு பிரமாதமாக இருந்தது. சொல்லவே வயிறு எரிகிறது, நான் செய்கிற குருமாவில் அந்த வாசனை வராது.

"வேணாங்க. பொழுது சாஞ்சா நான் சாப்பிடறதில்லீங்க."

"அட, நீயும் ஆறு மணி ஆளா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த காகிதங்களைப் பார்த்தார். தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

"அது... நீ எழுதுனதாம்மா?"

வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவை மறந்து, காகிதங்களை அவரிடம் நீட்டினேன்.

வடநாட்டிலிருந்து வந்து தங்கிய ஒரு குடும்பம் வெங்காயம், பூண்டு இல்லாத சமையல் கேட்டதாம். பக்கத்து பிரவுசிங் சென்டரில் தேடி அச்செடுத்துத் தந்தார்களாம். "பேரே இல்லம்மா அதுல. யாரும் கேக்க மாட்டாங்கனு புக்குக்கு அனுப்பிட்டேன். தப்புதான்" என்றவர், உள்ளே போய் ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்துவந்தார். எல்லாம் வாசகர்கள் எழுதியவை, எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. ஏன் ஆறு மணிக்குள்? கும்பகோணத்திலிருந்து ஒருத்தி, தன் கணவர் எட்டு மணிக்குத்தான் வருகிறார், மீறிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று பயந்துபோய்க் கேட்டிருந்தாள்.

"நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"வாழைக்கா ராத்திரில வாயு புடிக்கும்னு எழுதிட்டேன்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "ஏன்னு எனக்கே தெரியாதேம்மா. அந்தப் பொண்ணு புருசனுக்கு ஆசையா செஞ்சதைக் கொட்டிட்டாளோனு மனசு அடிச்சிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கோபமாக இருக்க வேண்டிய நேரத்தில் சிரித்துத் தொலைத்தோமே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது. காரணத்தைச் சொன்னேன். இருட்டில் சமைத்தால், சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் சாகும். அவ்வளவுதான்.

"அவ்வளவுதானா? இது எம்மாம் அழகான காரணம்! இதை நீ எழுதவே இல்லையேம்மா."

உண்மைதான். எங்கள் ஆட்கள் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள், அதனால் எழுதத் தோன்றியதே இல்லை.

"இப்ப நான் இன்னா பண்ணணும், சொல்லு."

"என் பேரு வேணுங்க."

அவர் முகம் சுருங்கியது. சுவரில் அந்தக் குருமா வந்த பக்கம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். தங்க வருகிற ஒவ்வொருவருக்கும் காட்டியிருப்பார். ஆனாலும் தாள் எடுத்தார். என் பெயர், ஊர், வலைப்பூ முகவரி தவிர நான் ஒரு வார்த்தையும் சொல்லிக்கொடுக்கவில்லை. 'வாழைக்காய் குருமா குறிப்பு என்னுடையது அல்ல. வேங்கிக்கால் குணமதி மகாவீர் எழுதியது. வாயு என்று நான் சொன்னது பொய். மன்னிக்கவும்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, படிக்கச் சொல்லி என்னிடமே தந்தார். தபால் பெட்டி வரை கூடவே வந்தார்.

டிசம்பர் இதழில் அந்தக் கடிதம் வந்தது. வலைப்பூ முகவரியோடு ஆசிரியர் வருத்தம் தெரிவித்திருந்தார். என் பெயரை அச்சில் பார்க்கப் பார்க்க எனக்குத் தெவிட்டவில்லை. மகாவீர் நாலு பிரதி வாங்கிவந்தார்.

அன்று சாயங்காலம் ஸ்வேதாவிடமிருந்து போன். மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மூச்சு வாங்கக் கத்தினாள்.

"அண்ணி, அந்தம்மா பேரைப் பெருசா போட்டாங்க இல்ல? உங்க பேரைப் பொடி எழுத்துல மூலையில போட்டிருக்காங்க. அந்த எடிட்டர் நம்பர் கெடச்சிருச்சு. எங்க அண்ணி எழுதினதுக்கு இதுதான் மரியாதையானு ஒரு சண்டை போடட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"போடு" என்றேன்.