ஓடக் கவிதையின் கடைசி வரி

பத்மராஜ் ஆரணியில் பட்டுச்சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். ஐம்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. அவர் அறைக்கு வருகிறவர்கள் பார்டரையும் புட்டாவையும் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஐப்பசியில் ஓர் ஆர்டர் வந்தது. வேலூரில் காவ்யா என்ற பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். துறையில் நிற்கும் இரண்டு ஓடங்களில் ஒன்றில் மட்டும் ஏறிப் போனவனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த அந்தக் கவிதையின் கடைசி வரி முந்தானையில் வர வேண்டுமாம்: 'நான் ஏறிய ஓடமே என்னைக் கரை சேர்த்தது.'

திரையில் டிசைன் கட்டங்களில் எழுத்தை அடைத்துக்கொண்டு வந்தவருக்கு மூன்றாவது சொல்லில் கை நின்றது. எம்.ஏ. தமிழ் படித்தவர் அவர். இருபத்தாறு வயதில் நாகர்கோவிலில் கல்லூரி வேலை கிடைத்தது. கூடப் படித்த சுபலட்சுமியும் அங்கேதான் சேர்ந்தாள். "நீயும் வா" என்று இரண்டு கடிதம் போட்டாள். ஊரைவிட்டுப் போக அவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் இந்த வரியைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தார்.

மனசு கேட்காமல் காவ்யாவுக்கு போன் போட்டார்.

"ஆரணி டிசைனர் பேசறேம்மா. அந்த வரி கல்யாணத்துக்கு ஆவாது. ஜெயிச்சவன் சொல்றது இல்ல அது. வயசான காலத்துல தனியா குந்திகினு தன்னைத்தானே தேத்திக்கிறவன் சொல்றது. இன்னொரு ஓடமும் கரைக்குப் போயிருக்கும். அவன் திரும்பிப் பாக்கவே இல்ல."

"தெரியும் சார்," என்றாள் காவ்யா. "கனடா வேலைய விட்டுட்டுத்தான் இவரைக் கட்டிக்கிறேன். இவரு அந்தக் கவிதைய ஜெயிச்ச பாட்டாத்தான் படிக்கிறாரு. நான் நீங்க சொல்றாப்புலதான் படிச்சேன். அந்த வரி பின்னாடி எனக்குத் தேவைப்படும் சார், இருக்கட்டும்."

கவிதையைப் பற்றி யாரிடமாவது பேசி எத்தனை வருஷம்! பத்மராஜ் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "நடுவுல ஓடம் கட்டின கயிறு ஒண்ணு வருதேம்மா, அவன் அவுக்காம நிக்கிற கயிறு, அது வந்து..."

"சார், பிளவுஸ் அளவெடுக்க வந்துட்டாங்க. வெச்சிடட்டுங்களா?"

"ஆங், சரிம்மா. நல்லா இரு."

மறுபடி அவள் கூப்பிடமாட்டாள் என்று தெரிந்தும் போனைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மிச்ச எழுத்துகளை அடைத்தார்.

நான்காம் நாள் தறிக்கார வேலு டிசைனை வாங்க வந்தார். திரையை எட்டிப் பார்த்து, "எழுத்துல தப்பு ஒண்ணும் இல்லியே?" என்றார்.

"இல்லப்பா. ஆனா அந்த வரி இருக்குதே..."

"தப்பு இல்லன்னா சரிதாங்க," என்று டிசைன் ஏற்றிய பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலு படியிறங்கினார்.