ஒன்பதாம் எண் சீட்டு

மூளைக்கு வலி தெரியாது. கால் கட்டைவிரல் கல்லில் இடித்தால் 'ஐயோ' என்று அலறச் சொல்வது அதுதான். ஆனால் அதையே கத்தியால் கீறினால் அதற்கு ஒன்றும் உறைக்காது. அதனால்தான் மண்டையைத் திறந்த பிறகு நோயாளியை எழுப்பிவிடுகிறோம். அவர் பேசிக்கொண்டிருப்பார், நாங்கள் அறுத்துக்கொண்டிருப்போம்.

'நாங்கள்' என்று சொன்னாலும் நான் கத்தி பிடிப்பவள் இல்லை. என் பெயர் ரவ்தா. டூனிஸில் ஒரு பெரிய மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர். திரைத்துணிக்கு அந்தப் பக்கம் டாக்டரும் திறந்த மண்டையும். இந்தப் பக்கம் நோயாளியின் முகமும் நானும். நான் படம் காட்ட வேண்டும். அவர் "இது ஒரு நாற்காலி", "இது ஒரு குடை" என்று சொல்ல வேண்டும். அதே நொடியில் டாக்டர் மூளையின் ஒரு மடிப்பைச் சிறு மின்சாரத்தால் தொடுவார். தொட்ட இடம் மூன்று, நான்கு நொடி வேலைநிறுத்தம் செய்யும். அப்போது பேச்சு நின்றால், அது பேச்சு நடக்கும் வழி. அங்கே கத்தி போகக்கூடாது. அரை நகம் அளவு எண் சீட்டு ஒன்றை அதன் மேல் வைத்துவிடுவோம்.

சீட்டு வைக்காத இடத்தை அறுக்கலாம். என் தம்பி நெஜிப்புக்கு அப்படித்தான் அறுத்தார்கள்.

நெஜிப் வானொலியில் கால்பந்து வர்ணனையாளன். அவன் 'கோல்' என்று கத்தினால் காபிக் கடையில் பாதிப் பேர் நாற்காலி மேல் ஏறிவிடுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு மூளையின் இடது பக்கத்தில் கட்டி. அறுவை செய்தவர் எங்கள் துறைத் தலைவர், பேராசிரியர் ஷெத்லி கமூன். சொந்த ஆள் உள்ளே வரக்கூடாது என்று என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். அறுவைக்கு முந்தின நாளே அவர் அறைக்குப் போய்க் கெஞ்சினேன்.

"புரொஃபஸர், என் தம்பி பிரெஞ்சைப் பள்ளிக்கூடத்துல படிச்சான், அவ்வளவுதான். அவன் சண்டை போட்டது, காதலிச்சது, கால்பந்து பேசுறது எல்லாம் அரபியில. அரபியிலயும் ஒரு தடவை பாத்துடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம் ரவ்தா, மூளையில வார்த்தைக்கு ஒரே அலமாரிதான். பிரெஞ்சுச் சாவி போட்டுத் திறந்தா உள்ள அரபியும் இருக்கும். படமெல்லாம் பாரிஸ்லேர்ந்து வந்தது. உங்க தம்பிக்காக நான் கடைவீதியில போய்ப் படம் பொறுக்கிட்டு வரவா?"

சுற்றி நின்ற இளம் டாக்டர்கள் சிரித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மருத்துவத்தை பிரெஞ்சில் படிக்கிறோம், மருந்துச் சீட்டை பிரெஞ்சில் எழுதுகிறோம். மூளையையும் பிரெஞ்சில் கேட்டால் போதும் என்று எல்லோருக்குமே தோன்றிவிட்டது.

அறுவை முடிந்த மறுநாள் உம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்து கேட்டாள்: "நெஜிப், பசிக்குதாடா கண்ணு?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். நெற்றியில் வேர்த்தது. கடைசியில், நாலாம் வகுப்புப் பையன் வாத்தியாருக்கு ஒப்பிப்பதைப் போல, பிரெஞ்சில் சொன்னான்: "ஆம் அம்மா, எனக்குப் பசிக்கிறது."

உம்மாவுக்கு பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது. என்னைப் பார்த்து, "என்ன சொல்றான்? யாரு பேசுறது இவன் வாயில?" என்றாள்.

அன்று கமூன் தன் கையால் அறிக்கையில் எழுதினார்: 'மொழி பாதிக்கப்படவில்லை.'

புகார் கொடுத்தேன். விசாரணைக் குழு கூடியது. கமூன் வந்து, ஒரே அலமாரிக் கதையை அறிவியல் பாஷையில் சொன்னார். ஒரு மொழிச் சோதனை போதுமானது என்று எழுத்தில் கொடுத்தார். கோப்பை மூடினார்கள். அடுத்த மாதமே அவர் ஒரு புதுப் படிவம் அச்சடித்தார். அதில் ஒரு வரி: 'சோதனை மொழி பிரெஞ்சு. இது போதுமானது என்று நோயாளி ஏற்கிறார்.' எதையாவது மாற்ற வேண்டுமானால் நோயாளி அந்த வரியை அடித்து, காரணத்தைத் தன் கைப்பட எழுத வேண்டும். கோப்பில் இல்லாத எதுவும் ஆபரேஷன் தியேட்டரில் நடக்கக்கூடாது. இதுவும் அவர் போட்ட விதி.

"இன்னும் ஏன் அங்கயே வேலை பாக்குற?" என்று கேட்காத ஆள் இல்லை. நான் போகவில்லை. தினமும் காலையில் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தன் அறைக்குப் போக வேண்டும். அது எனக்குத் தேவையாக இருந்தது.

மாலையில் நெஜிப்புக்கு நானே பாடம் நடத்தினேன். கடைவீதியில் திரிந்து நானே எடுத்த எண்பது படங்கள்: தேநீர்க் கிளாஸ், மிளகாய் மாலை, மீன் கூடை, ஒலிவ எண்ணெய் ஜாடி. மூன்று வருஷத்தில் இருநூறு சொற்கள் திரும்பி வந்தன. இருநூறு சொல்லை வைத்துக்கொண்டு வாழைப்பழம் வாங்கலாம். வர்ணனை செய்ய முடியாது.

இந்த வசந்தத்தில், காலைச் சுற்றின் நடுவில், கமூனின் வலது கட்டைவிரல் துடித்தது. அவரே அதை வேறு யாரோ நோயாளியின் விரலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். துடிப்பு மணிக்கட்டுக்கு ஏறியது. அங்கிருந்து தோளுக்குப் போகாமல் வாய் ஓரத்துக்குத் தாவியது. மூளை மேல் விரலுக்குப் பக்கத்து வீடு உதடு, தோள் அல்ல. வலது கை ஆடினால் கோளாறு இடது மூளையில். உதட்டுக்கு அடுத்த வாசல் பேச்சு.

"இடது பக்கம். முன் மடல்," என்று குழறிக்கொண்டே தனக்குத் தானே நோய் சொல்லிவிட்டுத்தான் விழுந்தார்.

பொய் சொல்ல மாட்டேன். எனக்கு உள்ளங்கால்வரை இனித்தது.

வீட்டில் நெஜிப்பிடம் சொன்னேன். அவன் டீவியின் சத்தத்தை அணைத்துவிட்டு பிரெஞ்சில் சொன்னான்: "அவரிடம் பிரெஞ்சில் மட்டும் கேள்." பிறகு ஒரு நிமிஷம் தேடி, அரபியில் ஒரே ஒரு சொல்லைக் கண்டுபிடித்தான். "போதும்."

அறுவைக்கு முந்தின நாள் காலை படிவத்தோடு அவர் அறைக்குப் போனேன். கத்தி பிடிக்கப்போவது டாக்டர் எம்னா, அவருடைய பழைய மாணவி. அவளும் கூட இருந்தாள்.

"பாரிஸுக்குப் போகலையா, புரொஃபஸர்?" என்றேன்.

"போய்? ஸ்ஃபாக்ஸ் பேச்சுல அங்க யாரு என்னைக் கேள்வி கேப்பா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. எம்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கமூன் ஸ்ஃபாக்ஸ்காரர். அந்த ஊரில் ஒலிவத் தோப்பு இல்லாத வீட்டைத் தேடவேண்டும். மருத்துவமனை முழுக்க பிரெஞ்சு பேசுவார். ஆனால் அறுக்கும்போது ரத்தக்குழாய் பிய்த்துக்கொண்டால், "உன்னைப் பெத்தவளோட ஒலிவத் தோப்பு கருகிப் போக!" என்று அந்தக் குழாயை அசல் ஊர் அரபியில் வைவார். அப்புறம் தினமும் மதியம் ஒரு போன். தொண்ணூறு வயசு அம்மாவுக்கு. கதவு சாத்தியிருந்தாலும் அந்தக் கொஞ்சல் தாழ்வாரம் வரை கேட்கும்.

"கையெழுத்துப் போடுங்க," என்று படிவத்தை நீட்டினேன். "சோதனை மொழி பிரெஞ்சு. போதுமானது."

அவர் பேனாவை எடுக்கவில்லை. "ரவ்தா, அது கிடக்கட்டும். உன்கிட்ட அரபிப் படம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். நாளைக்கு அதையும் ஒரு ரவுண்டு காட்டிடு."

"கோப்பில இல்லாதது தியேட்டர்ல நடக்கக்கூடாது. உங்க விதி."

"நான் சொல்றேன்ல."

"நீங்க இப்ப துறைத் தலைவர் இல்ல. ஏழாம் நம்பர் கட்டில்."

அவர் எம்னாவைப் பார்த்தார். எம்னா மெதுவாகச் சொன்னாள்: "மேடம் சொல்றது சரிதான், புரொஃபஸர். எழுதாம நான் கத்தி எடுக்க மாட்டேன். நீங்க கத்துக்கொடுத்தது."

"ஒரே அலமாரிதானே?" என்றேன். "பிரெஞ்சுச் சாவி போதாதா? எதுக்கு ரெண்டாவது சாவி?"

"வன்மம் பிடிச்ச பொம்பளை நீ."

"ஆமா. உங்க அம்மாவுக்கு பிரெஞ்சு தெரியுமா, புரொஃபஸர்?"

அவர் பேனாவை எடுத்தார். அச்சடித்த வரியை அடித்தார். கீழே எழுதினார்: 'பிரெஞ்சு மட்டும் போதாது. தாய்மொழியின் இடம் மூளையில் தனியாக இருக்கக்கூடும். அரபியிலும் சோதிக்கவும்.' கையெழுத்து, தேதி.

அந்த மூன்று வரியைத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் குழு கேட்டது. அன்று அவர் இதற்கு நேர்மாறாக எழுதிக்கொடுத்தார்.

மறுநாள் தியேட்டரில் அவரை எழுப்பினோம். திரைக்கு அந்தப் பக்கம் எம்னா, மைக்கில் பேசினாள்.

"ஒண்ணு."

"கட்டைவிரல் துடிக்குது," என்றேன்.

"நாலு."

"உதடு இழுக்குது."

ஒவ்வொன்றாகச் சீட்டுகள் விழுந்தன. பிறகு பேச்சு. பாரிஸ் படங்களைக் காட்டினேன். இது ஒரு குடை, இது ஒரு மணி, இது ஒரு நாற்காலி. எட்டாவது இடத்தில் பிரெஞ்சு நின்றது, சீட்டு வைத்தாள். அடுத்து நகர்ந்தாள்.

"ஒன்பது. கட்டி இதுக்கு நேர் கீழதான் இருக்கு, மேடம். இது வழிவிட்டா முழுசா எடுத்துடலாம்."

பிரெஞ்சில் மூன்று படம் காட்டினேன். மூன்றும் தெளிவாகச் சொன்னார். அடுத்து நெஜிப்பின் படக்கட்டை எடுத்தேன். ஓரமெல்லாம் அவன் விரல் பட்டு மழுங்கிப்போனது. தேநீர்க் கிளாஸ்.

"இது ஒரு..." என்றார் அரபியில். கண் படத்தையே பார்த்தது. உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. நெற்றியில் வேர்வை. அதே வேர்வை.

"சளைப்பா, மேடம்?" என்றாள் எம்னா.

ஐம்பது நிமிஷமாகப் பேசிக்கொண்டிருக்கிற கிழவர். சளைப்பாக இருக்கலாம். முகத்தைப் பார்ப்பவள் நான் ஒருத்திதான். சளைப்பா, மின்சாரமா என்று தீர்ப்பதும் நான்தான். மூன்றில் இரண்டு தவறினால் சீட்டு வைக்க வேண்டும்.

"இன்னொரு தடவை தொடுங்க," என்றேன். ஒலிவ எண்ணெய் ஜாடி. ஸ்ஃபாக்ஸ்காரர் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

"இது ஒரு..."

ஒன்றும் இல்லை.

எம்னா காத்திருந்தாள். கருவிகள் டிக்டிக் என்றன. 'சளைப்புதான், எடுத்துடுங்க' என்று சொன்னால் முடிந்தது. நாளை மதியம் ஸ்ஃபாக்ஸில் போன் அடிக்கும். கிழவி எடுத்து, "சாப்பிட்டியாடா?" என்பாள். "ஆம் அம்மா, நான் உணவு உண்டேன்" என்று ஒரு பிரெஞ்சுக்காரர் பதில் சொல்வார். யார் இவன் வாயில் பேசுவது என்று அவளும் யாரிடமாவது கேட்பாள். நெஜிப் சொன்ன அந்த ஒற்றைச் சொல் காதில் கேட்டது. போதும்.

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அப்போதுதான் ஒன்று மனசில் பட்டது. அறுத்தால் ஒன்பதாம் இடம் உறிஞ்சு குழாய் வழியாகப் போய்விடும். அதோடு என் சாட்சியும் போகும். மூன்று வருஷமாக ஒருவரும் நம்பாத இரண்டாவது அலமாரி, ஒரு நகம் அகலத்தில், கமூனின் மண்டைக்குள்ளேயே இருக்கிறது. அதைக் குப்பையில் விட நான் என்ன முட்டாளா?

"சளைப்பு இல்ல," என்றேன். "மூணாவதும் பாக்கலாம்."

மீன் கூடை. அதுவும் வரவில்லை.

"ஒன்பதுல பிரெஞ்சு ஓடுது. அரபி நிக்குது. சீட்டு வைங்க. போட்டோ எடுங்க. அந்த இடத்தைத் தொடாதீங்க."

எம்னா மின்முனையை விலக்கினாள். கமூனுக்குப் பேச்சு திரும்பியது. என்ன நடந்தது என்பதை அந்த அறையில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

"ஒன்பதா?" என்றார்.

குனிந்து அவர் காதருகே சொன்னேன். "ஒன்பது, புரொஃபஸர். அலமாரி ரெண்டு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டியில் ஒரு பட்டாணி அளவு விட்டுவிட்டு எம்னா மூடினாள். அதைக் கதிர்வீச்சு பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் பேச்சுப் பரிசோதனைக்குப் போனேன். தலையில் கட்டு, தலையணையில் சாய்ந்து, அம்மாவிடம் போனில் கொஞ்சிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வைத்துவிட்டார். ஒலிப்பதிவுக் கருவியை மேஜை மேல் வைத்து அழுத்தினேன்.

"ரவ்தா," என்றார், குரலைத் தாழ்த்தி. "நீ நல்லவ. எனக்குத் தெரியும். அந்தப் படிவத்தைக் கிழிச்சுடு. போட்டோவும் வேண்டாம்."

"படிவம் குழுவுல இருக்கு. உங்க ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே நெஜிப் கேஸைத் திரும்பத் திறக்கச் சொல்லி மனு போட்டேன். உங்க கோப்பை நேத்து கேட்டு வாங்கிட்டாங்க. குழு கேட்டா கோப்பு போகணும். அதுவும் நீங்க போட்ட விதிதான்."

"என் கையெழுத்தை வச்சே என் கழுத்தை அறுக்கிறியா?"

"உங்க கையெழுத்து மட்டுமில்ல. உங்க மூளையும்."

அவர் முகம் சிவந்தது. அப்புறம் ஆரம்பித்தார். என் ஒலிவத் தோப்பு கருகணும் என்றார். எனக்குத் தோப்பே கிடையாது என்றேன். யாராவது கொடுத்து அப்புறம் கருகணும் என்றார். என் அடுப்பில் பூனை தூங்கணும், என் ரொட்டியில் மணல் கடிபடணும், நான் ஏறுகிற ரயிலெல்லாம் பாலைவனத்தில் நிற்கணும். ஸ்ஃபாக்ஸ் கடைவீதியில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வழங்கிய வசவுகள், ஒன்றுகூடத் தடுக்காமல், ஒரு சொல்கூடத் தேடாமல், மூச்சு வாங்காமல் வந்து விழுந்தன. மூன்று நிமிஷம் நாற்பது நொடி. நெஜிப்பின் பழைய வர்ணனைக்கு அடுத்து, அத்தனை நல்ல அரபி நான் கேட்டதில்லை.

முடியும்வரை பொறுமையாகக் கேட்டேன். பிறகு அறிக்கையைத் திறந்து, என் தம்பிக்கு அவர் எழுதிய அதே இரண்டு சொற்களை எழுதினேன். இந்த முறை அவை உண்மை.

'மொழி பாதிக்கப்படவில்லை.'

கையெழுத்துப் போட்டுவிட்டு, அவருக்கும் ஒரு நகல் வைத்துவிட்டு வந்தேன்.